கடல் தொட்டிக்கு நல்ல தண்ணீர்

கடல் மீன் தொட்டி ஒன்று வைத்துக்கொள்ளட்டுமா என்று மகன் கேட்டதும் நான் சரி என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கிளிக்கூண்டுக்கும் நாய்க்குட்டிக்கும் சம்மதிக்காதவள் நான். ஆனால் அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஒரு கணக்கு ஓடிவிட்டது. தொட்டி என்றால் தினமும் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பார்க்கிறவன் வீட்டில் இருப்பான். வீட்டில் இருக்கிறவன் ரோட்டுக்குப் போகமாட்டான்.

அப்போது அவனுடைய வலது கால் தலையணை மேல் கிடந்தது. உள்ளே தகடு வைத்திருந்தார்கள். ஐப்பசி மழையில், தூத்துக்குடியில் கல்லூரி முடிந்து பைக்கில் திரும்பும்போது, எப்போதும்வென்றான் ஊருக்குப் பிரிகிற விலக்குக்குப் பக்கத்தில் வண்டி சறுக்கிவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் எப்படியோ ஒடித்துத் திருப்பியிருக்கிறார். அந்தச் செய்தி வந்தபோது நான் தீப்பெட்டி ஆபீசில் இருந்தேன். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே கணக்கு எழுதுவது என் வேலை. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தவுடன், "நீங்க அந்தத் தம்பிக்கு அம்மாவா?" என்று ஒரு குரல் கேட்டது. அதற்கு அடுத்து அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. இன்றைக்கும் தெரியாத எண் வந்தால் என் கை உடனே எழுவதில்லை. பக்கத்து மேஜைக்காரி எடுத்துப் பேசிவிட்டு, "லோன் வேணுமான்னு கேக்காங்க" என்று சிரிப்பாள்.

படுக்கையில் கிடந்த மாதங்களில் மகன் அதிகம் பேசவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். அப்படி இருந்தவன் ஒருநாள் என்னைக் கூப்பிட்டுப் போனைக் காட்டினான். யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டி. உள்ளே ஒரு கல், கல்லின் மேல் ஊதா நிறத்தில் தட்டையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"இத என்னன்னு நினைக்க?"

"பாசி."

"இல்லம்மா. உசுரு. இதுக்கு வாயி இருக்கு, பாரு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நடுவில் சின்னதாக ஒரு துளை திறந்து மூடியது. நான் பி.காம். படித்தவள். பள்ளிக்கூடத்தில் பவளம் என்றால் மோதிரத்தில் வைப்பது என்கிற அளவில் விட்டுவிட்டார்கள். மறுபடி திறக்கிறதா, மூடுகிறதா என்று அடுப்பில் பால் பொங்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடலுக்கும் எங்களுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரப் பஸ் பயணம் இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரரிடம் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று உண்டு. தீப்பெட்டி பண்டல்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவார், திரும்பும்போது பெரும்பாலும் காலியாக வருவார். அதில் கடலைக் கொண்டுவருவது என்று முடிவாயிற்று. துறைமுகத்துத் தண்ணீர் ஆகாது, எண்ணெய் இருக்கும் என்று மகன் சொல்லிவிட்டான். தூத்துக்குடியில் கடல் மீன் விற்கிற ஒரு அண்ணாச்சியிடம் போனில் கேட்டான். இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணை ஒன்றில் மணலில் வடிகட்டிய கடல் தண்ணீர் கிடைக்கும் என்று அவர் வழி சொன்னார்.

நீல டிரம்களில் கடல் எங்கள் தெருவுக்கு வந்த அன்று, பக்கத்து வீட்டு மதினி வாசலில் நின்றாள். அன்று பைப்பில் குடிதண்ணீர் வரும் நாள். அவள் இடுப்பில் குடம் இருந்தது.

"என்ன மதினி, தண்ணி லாரி வாங்குனியளா? எனக்கு ரெண்டு குடம் ஊத்துங்களேன்."

"இது கடல் தண்ணி மதினி."

அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டாள். "கடல் தண்ணியவா? ஊரே நல்ல தண்ணிக்கு அலையுது, நீங்க உப்புத் தண்ணிய வண்டி வச்சுக் கொண்டாறியளாக்கும்! நம்ம போர்லயே உப்புத் தண்ணி கெடக்கே, அத ஊத்துனா மீனு வேண்டாம்னா சொல்லும்?"

சொல்லப்போனால் எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. இது வேறு உப்பு, அது வேறு உப்பு என்று மகன் விளக்கினான். போர் தண்ணீரை நாக்கில் வைத்தால் கடுக்கும். கடல் தண்ணீர் கரித்து, பிறகு கசந்தது. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இரண்டையும் ஒவ்வொரு சொட்டு வைத்துப் பார்த்தேன்.

தொட்டி இரண்டடி நீளம். ஹாலில், வெயில் படாத சுவரோரம் வைத்தோம். அடியில் வெள்ளை மணல், அதன் மேல் கற்கள். கடலிலிருந்து பவளத்தையோ பவளக் கல்லையோ எடுப்பது குற்றம் என்பதால், சுட்ட மண்ணில் செய்து பல மாதம் கடல் தண்ணீரில் ஊறவைத்த கற்களை அண்ணாச்சி கொடுத்திருந்தார். மகன் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கற்களை அடுக்கினான், கலைத்தான், மறுபடி அடுக்கினான். அலை மாதிரித் தண்ணீரைத் தள்ள ஒரு சின்ன மோட்டார். மேலே நீலமும் வெள்ளையும் கலந்த விளக்கு. தண்ணீர் சூடாகாமல் இருக்க, ஓரத்தில் ஒரு சிறு மின்விசிறி தண்ணீர்ப் பரப்பின் மேல் வீசிக்கொண்டே இருக்கும்.

மீன் எப்போது என்று கேட்டேன். இப்போது இல்லை என்றான். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் முதலில் கல்லில் குடியேற வேண்டுமாம். மீனின் கழிவை அவைதான் தின்று நஞ்சில்லாமல் மாற்றுமாம். அதுவரை வெறும் தண்ணீரும் கல்லும்தான். மதினி தினமும் எட்டிப் பார்த்தாள்.

"மீன எங்க? தின்னுட்டியளா?"

"இன்னும் விடல."

"அப்பம் கல்லுக்குத்தான் லைட்டு, கல்லுக்குத்தான் பேனு. எங்க வீட்டுல எனக்குக்கூட பேன் போட மாட்டேங்காவ."

ஆனால் அந்த வெறும் கல் வெறும் கல்லாக இல்லை. ஒருநாள் மாலை வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் எட்டிப் பார்த்தேன். கல்லின் ஒரு துவாரத்திலிருந்து நூல் போல ஒன்று வெளியே நீண்டு, தண்ணீரைத் தடவிவிட்டு உள்ளே போனது. மகனைக் கூப்பிட்டேன். அவன் வருவதற்குள் மறைந்துவிட்டது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மறுபடி நீண்டது. நூல் இல்லை, முள்முள்ளாக இருந்தது. நட்சத்திர மீன் வகையில் ஒன்று, குட்டி, கல்லோடு வந்திருக்கிறது என்று அவன் கண்டுபிடித்தான். அதன் உடம்பை நான் இதுவரை பார்க்கவில்லை. கையை மட்டும்தான் காட்டும். பிறகு வெள்ளைக் குழாய்க்குள் இருந்துகொண்டு விசிறியை விரிக்கும் புழு ஒன்று தெரிந்தது. என் நிழல் பட்டால் விசிறியை இழுத்துக்கொள்ளும். நிழல் என்று அதற்கு எப்படித் தெரிகிறது, கண் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மகனுக்கும் தெரியவில்லை. தேடிப் படித்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னான். சாப்பாட்டு நேரத்தில் அவன் பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

மீன் வாங்கப் போகும் நாளில் மகன் தானும் வருவதாகச் சொன்னான். நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். "மூணு பேரு எதுக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். நான் கதவைச் சாத்தினேன். போகும்போது எப்போதும்வென்றான் விலக்கு வரும்முன்பே கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணாச்சி கடையில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் இரண்டு, முதுகில் சிவப்புக் கோடு ஓடும் ஒரு இறால், சில நத்தைகள், தொட்டியிலேயே வளர்த்துப் பிரித்த காளான் பவளம் ஒரு துண்டு என்று மகன் தேர்ந்தெடுத்தான். ஆக்சிஜன் அடைத்த பையில் இறாலை என் மடியில் வைத்தார்கள். அதன் வெள்ளை மீசை பையின் சுவரைத் தடவிக்கொண்டே வந்தது. கால்களால் வாயைத் துடைத்தது. வெளியே இருக்கிற என்னைப் பார்க்கிறதா, பையில் தெரிகிற தன்னைப் பார்க்கிறதா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். திரும்பும் வழியில் எட்டயபுரத்தில் டீக்கு நிறுத்தியபோதுதான், அந்த விலக்கைத் தாண்டிவிட்டோம் என்று உறைத்தது.

ஆனியில் கல்லூரி திறந்தது. கால் சரியாகிவிட்டது, லேசாக இழுக்கும், அவ்வளவுதான். தினமும் பஸ்ஸில் போய்வந்தால் கால் வீங்குகிறது என்று, தூத்துக்குடியிலேயே கூட்டாளிகளோடு அறை எடுத்துத் தங்கப்போவதாகச் சொன்னான். நான் கடைசியாக வைத்திருந்த காரணத்தை எடுத்தேன்.

"தொட்டிய யாருலே பாக்க?"

"நீ பாரு. நீதான என்னைவிட அதிகமாப் பாக்க."

"எனக்கென்ன தெரியும்?"

"எல்லாம் சொல்லித் தாரேன். ஏதாவது ஆச்சுன்னா ஒரு போன் போடு. பஸ் ஏறி வந்துருதேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அவனை எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வரவழைக்க அது போதும். அவன் போன பிறகு தொட்டிக்கு முன்னால் உட்காரும்போதெல்லாம் என்ன ஆகும், எப்போது ஆகும் என்று ஒரு பகுதி மனது காத்துக்கொண்டிருந்தது. இன்னொரு பகுதி அந்த முள் கையைத் தேடிக்கொண்டிருந்தது.

ஆடிக் காற்று தொடங்கியது. கரிசல் மண் வறண்டு தூசியாக எழும்பி, மூடிய ஜன்னல் வழியாகவும் உள்ளே வந்தது. தொட்டியில் தண்ணீர் வேகமாகக் குறைந்தது. வெளியே காற்று, உள்ளே விசிறி. குறைவதைக் குடிதண்ணீர் கொண்டு நிரப்ப வேண்டும், கண்ணாடியில் மகன் ஒட்டிய கோடு வரை. அவன் இருந்தவரை கேன் தண்ணீரை ஊற்றுவான். அந்த வாரம் கேன்காரர் வரவில்லை. பைப்பும் வர வேண்டிய நாளில் வரவில்லை. குழாய் எங்கோ உடைந்துவிட்டதாம். வீட்டில் குடங்களிலும் ஒரு டிரம்மிலும் பிடித்து வைத்த குடிதண்ணீர்தான் இருந்தது. அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரத்தை முதல் கழுவு கழுவுகிற வீடு எங்களுடையது. குடிதண்ணீரை ஒரு செம்பு மொண்டு கடலுக்குள் ஊற்றுவதற்கு என் கை வரவில்லை.

பின்கட்டில், தொட்டிக்கு மாற்ற மகன் வாங்கி வைத்த கடல் தண்ணீர் இன்னொரு டிரம் நிறைய இருந்தது. கடல் மீனுக்குக் கடல் தண்ணீர் ஊற்றினால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றியது. அந்தத் தண்ணீரிலேயே பிறந்தவைதானே. கோடு வரை நிரப்பினேன். மறுநாளும் ஊற்றினேன். அதற்கு அடுத்த நாளும் ஊற்றினேன்.

முதலில் காளான் பவளம் சுருங்கியது. விளக்கு போட்டால் தட்டுப்போல் விரிவது, பட்டன் அளவில் நின்றுவிட்டது. நத்தைகள் தண்ணீருக்கு மேலே ஏறிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன. பிறகு இறால் சாப்பாட்டுக்கு வரவில்லை. வழக்கமாக என் விரலைத் தேடி வரும், வந்து நகத்தைச் சுத்தம் செய்யும். கல்லிடுக்கில் ஒருக்களித்து நின்றது. தொட்டியின் மேல் விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. துடைத்தேன். விரல் கரகரத்தது. நாக்கில் வைத்தேன்.

தூத்துக்குடி பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். பாத்தி கட்டிக் கடல் தண்ணீரை விடுகிறார்கள். வெயில் தண்ணீரைத்தான் எடுத்துக்கொள்கிறது, உப்பை விட்டுவிடுகிறது. வற்ற வற்ற மேலும் கடல் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். எத்தனை முறை பார்த்த காட்சி. அதையே ஹாலில் கண்ணாடிக்குள் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

உப்பு பார்ப்பதற்கு மகன் ஒரு கருவி வைத்திருந்தான், கைப்பிடி அளவுத் தொலைநோக்கி மாதிரி. கண்ணாடித் தகட்டில் இரண்டு சொட்டு விட்டு, மூடி, வெளிச்சத்தைப் பார்த்துக் கண் வைக்க வேண்டும். உள்ளே மேல்பாதி நீலமாகவும் கீழ்பாதி வெள்ளையாகவும் இருக்கும். இரண்டும் சந்திக்கிற கோடுதான் அளவு. முப்பத்தைந்தில் நிற்க வேண்டியது நாற்பதைத் தாண்டி ஏறியிருந்தது. பயத்துக்கு நடுவிலும், அது ஒரு சொட்டுத் தண்ணீரில் எப்படித் தெரிகிறது என்று மறுபடி ஒருமுறை கண் வைத்துப் பார்த்தேன்.

"அவன வரச் சொல்லு," என்றார் வீட்டுக்காரர். "கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருக்கு."

போனைக் கையில் எடுத்தேன். நான் காத்திருந்த காரணம் இதுதான். பொய்யும் இல்லை, நடிப்பும் இல்லை. கூப்பிட்டால் வருவான். வந்தால் இரண்டு நாளாவது என் கண்முன் இருப்பான். அவனுக்கு மறுநாள் பரீட்சை என்பதும் எனக்குத் தெரியும். கூப்பிட்டால் பரீட்சையை விட்டுவிட்டு வருவான் என்பதும் தெரியும். அதற்கப்புறம் அடுத்த பரீட்சைக்கும் ஏதாவது ஒன்று ஆகும். நான் ஆகவைப்பேன் என்றுகூட இல்லை, ஆகிவிடும், நானும் கூப்பிடுவேன்.

"எலே, உப்பு ஏறிட்டு," என்றேன், அவன் எடுத்ததும். "டிரம் தண்ணிய ஊத்திட்டேன். நீ வராத. என்ன செய்யணும்னு மட்டும் சொல்லு."

அவன் சிரித்தான். "எம்மா, வீட்டுக்குள்ள உப்பளமா போட்ட?"

"சிரிக்காத. இறால் ஒருச்சாஞ்சு நிக்கி."

குரல் மாறியது. "ஒரேடியா இறக்கக்கூடாதும்மா, செத்துரும். ஒரு செம்பு எடுத்து வெளிய ஊத்து, ஒரு செம்பு நல்ல தண்ணி விடு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி. ரெண்டு நாள்ல மெதுவா இறக்கு. கேன் இருக்கா?"

"இல்ல. போன தடவ பைப்புல பிடிச்சதுதான் இருக்கு."

"அவ்வளவு நாளாச்சுன்னா குளோரின் போயிருக்கும். அதையே விடு."

மறுநாள் ஆபீசுக்கு விடுப்பு சொல்லிவிட்டுச் செம்பும் கையுமாக உட்கார்ந்தேன். எடுப்பேன், விடுவேன், உப்பு பார்ப்பேன். சாம்பார்ப் பொடி கடன் கேட்டு வந்த மதினி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏ மதினி, குடிதண்ணியவா அதுக்குள்ள ஊத்துதிய? அதுவும் இந்த வாரத்துல?"

"உப்பு கூடிப்போச்சு."

"குழம்புல உப்பு கூடுனா உருளைக்கிழங்கு போடுவோம். போட்டுப் பாத்தியளா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பொடியை வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது இடுப்பில் அரைக்குடம் தண்ணீர் இருந்தது. "பைப்பு வந்ததும் முழுக்குடமாத் திருப்பித் தந்துரணும், ஆமா," என்று வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளும் உட்கார்ந்தாள். கல்லிலிருந்து முள் கை நீண்டது. "யம்மாடி!" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கருவியில் கோடு மெல்ல மெல்ல இறங்கியது. இரண்டாம் நாள் மாலை நத்தைகள் கண்ணாடியிலிருந்து இறங்கின. காளான் பாதி விரிந்தது. மீன்கள் விளக்குக்கு அடியில் ஒன்றையொன்று துரத்தின. அதற்கு அடுத்த காலையில் இறால் கல்லுக்குப் பின்னால் மணலில் கிடந்தது. நிறம் வெளுத்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். மீசை அசையவில்லை.

செம்பருத்திச் செடிக்கு அடியில் புதைத்துவிட்டு வந்து, போனை எடுத்தேன். அவன் பரீட்சை முந்தாநாளே முடிந்திருந்தது.

"இறால் போயிட்டுலே."

"எப்பம்மா?"

"காலையில பாத்தேன். மத்ததெல்லாம் நல்லாருக்கு. உப்பு சரிக்கு வந்துட்டு."

"சரிம்மா. நீ செஞ்சது சரிதான். அது ஏற்கனவே தாங்காமப் போயிருக்கும். சனிக்கிழமை நான் வரட்டுமா?"

"வேண்டாம்லே. நான் பாத்துக்கிடுதேன்."

போனை வைக்கப்போனேன். அதற்குள் அவன் பேசினான்.

"எம்மா, ஒண்ணு சொல்லுதேன். ஏசக்கூடாது."

"சொல்லு."

"பரீட்சை முடிஞ்சதும் பைக்குல போனேன். நான் ஓட்டல. பின்னால உக்காந்துதான் போனேன். திருச்செந்தூர் ரோட்டுல, கடற்கரைக்கு."

யார் ஓட்டியது, எவ்வளவு வேகம், தலைக்கு என்ன போட்டிருந்தாய், ரோட்டில் லாரி இருந்ததா என்று எல்லாக் கேள்விகளும் ஒன்றாக வந்தன. இதை அவன் சொல்லாமலே இருந்திருக்கலாம். எனக்குத் தெரிந்தே இருக்காது. முதல் கேள்வியைக் கேட்டேனானால் அடுத்த முறை சொல்லமாட்டான்.

"அங்கன என்ன பாத்த?" என்று கேட்டேன்.

"பாறை இடுக்குல எல்லாம் தண்ணி குட்டை குட்டையாக் கெடந்துச்சும்மா. ஒண்ணுக்குள்ள குனிஞ்சு பாத்தா, நம்ம தொட்டியில இருக்க மாதிரியே நத்தை, நண்டு, கண்ணாடி மாதிரி குட்டி இறால் வேற. கூட வந்தவன் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான், எனக்குக் கேக்கவே இல்ல."

அவன் குரலில் அவசரம் இருந்தது. ஒன்றை முடிப்பதற்குள் அடுத்ததற்குத் தாவினான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பயம் போகவில்லை, ஆனால் எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"அந்தக் குட்டையில வெயிலுக்குத் தண்ணி வத்துமேலே. உப்பு ஏறுமே. அப்பம் அதுகள்லாம் என்ன செய்யும்?"

"தெரியலம்மா. அடுத்த தடவ போவும்போது உப்பு பாக்குறத எடுத்துட்டுப் போயிப் பாக்கணும்."

அந்தக் கருவி வீட்டில், தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது.

"அப்பா வண்டி நாளைக்கு அங்க வருது. குடுத்து விடுதேன்," என்றேன். "பாத்துட்டுச் சொல்லு."